"வேலை" என்று சொல்லக் கூடாது

லிஃப்ட் மெக்கானிக்குக் காது இரண்டும் நன்றாகவே கேட்கும். ஆனால் லீவு நாளில் "வேலை" என்ற சொல் மட்டும் அதில் விழக் கூடாது. விழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாரமெல்லாம் ஊரார் லிஃப்டை ஏற்றி இறக்கும் மனுஷன், ஒரு நாளாவது கட்டிலைவிட்டு இறங்காமல் கிடக்க ஆசைப்பட்டார். பாவம், வேறு பேராசை எதுவும் அவருக்கு இல்லை.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மதியம், எழுந்து உட்கார்ந்து பிரகடனம் செய்தார்.

"இனிமே இந்த வீட்டுல யாரும் 'வேலை'ன்னு வாயைத் திறக்கக் கூடாது. நீ சொன்னா, லீவு நாள்ல என்னை எழுப்பவே கூடாது. ஆயுசுக்கும்!"

"நீங்க சொன்னா?" தையல் மிஷினிலிருந்து தலை தூக்காமல் கேட்டாள் மனைவி.

"வீட்டு வேலை மொத்தமும் என் தலையில."

"இப்பவே சொல்லிட்டீங்களே."

"இது விதிமுறை! ஆட்டம் இனிமேதான்."

"சரிங்க."

அவள் இவ்வளவு சுலபமாகச் "சரி" சொன்ன நாளெல்லாம் அவருக்கு நல்லபடியாக முடிந்ததில்லை. அப்படியும் மனுஷனுக்கு உறைக்கவில்லை. வெற்றிக் களிப்பில் கண்ணை மூடினார்.

விழித்தபோது ஃபேன் நின்றிருந்தது. ஸ்விட்சைத் தட்டினார். லைட் எரியவில்லை. எதிர் வீட்டில் மட்டும் பளிச்சென்று எரிந்தது.

"ஏம்மா, ஃபேன் ஏன் வே..." நாக்கைக் கடித்துக்கொண்டார். "மின்விசிறி ஏன் பணியாற்றவில்லை?"

"என்னங்க, செய்தி வாசிக்கிறீங்களா?"

குரல் சமையலறையிலிருந்து வந்தது. அதற்குப் பிறகு எந்தக் குரலும் இல்லை.

இருட்டில் ஏதோ குறைவதுபோல இருந்தது. யோசித்துப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் இல்லை. டார்ச்சை எடுத்து அமுக்கினார். அதுவும் எரியவில்லை. அந்த ஒரு சொல்லைத் தடை செய்ததும் வீட்டிலுள்ள சாமான் எல்லாம் சொல்லிவைத்தாற்போல நின்றுவிட்டதோ? 

கிரீச்.

ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. காற்று இல்லை. பீரோ கதவு தானாக, மெல்ல, முழுசாகத் திறந்துகொண்டது.

"ஏம்மா... இருக்கியா?"

அப்போதுதான் தலைக்கு மேலே கேட்டது. தொம். தொம். தொம். யாரோ வெறுங்காலோடு நடக்கிறார்கள். மாடி வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன சாவி இவர் எதிரிலேயே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடலாம் என்று எழுந்தார். சில்லென்று ஒரு கை தோளில் விழுந்தது.

"ஐயோ! இதெல்லாம் யாரோட வேலை?"

"என்னோட வேலைதாங்க," என்றாள் மனைவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி.

அவருக்கு மூச்சு வந்தது. மானம் போனது.

"ஃபியூஸைப் பிடுங்கினேன். கடிகாரத்துக்கும் டார்ச்சுக்கும் பேட்டரியைக் கழட்டினேன். பீரோ கதவுல கறுப்பு நூலைக் கட்டி அடுப்படியிலேருந்து இழுத்தேன். அது சரி, லிஃப்டையே சரி பண்றவருக்கு ஃபியூஸைப் பாக்கத் தோணலையா?"

"லீவு நாளாச்சே," என்றார் ஈனஸ்வரத்தில்.

"இனிமே லீவு ஏது? துவைக்கிற வேலை, கழுவுற வேலை, ஒட்டடை அடிக்கிற வேலை..." அவள் அந்தச் சொல்லைக் கல்கண்டு மாதிரிச் சப்பிச் சப்பிச் சொன்னாள்.

"தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, சாவியே எடுக்காம எப்படியோ மாடியில நடந்தியே, அதுலதான் எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது.

"மாடியிலயா? அப்போ நான் அடுப்படியிலதானேங்க இருந்தேன்."

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தொம். தொம். தொம். அந்தக் கோடியிலிருந்து நடந்துவந்தது, இவர்கள் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

மனைவி அவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். அந்த நிலையிலும் பந்தயத்தை மறக்கவில்லை.

"அது யார் வேலைன்னு மேல போய்ப் பாத்துட்டு வாங்க. அதான் உங்க முதல் வேலை."