அசன்கண்ணு கடையில் ஆறு பொரோட்டா

கோட்டாறு
11.7.1953

ஆரல்வாய்மொழியில் சபை மூப்பராயிருக்கும் அன்பு மாமா ஜான்ரோஸ் அவர்களுக்கு, தங்கள் மருமகன் மத்தியாஸ் வாத்தியார் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது. ஆண்டவர் தயவால் இங்கே நானும் சிவப்புப் பசுவும் சுகம். தாங்களும் மாமியும், பத்து நாளாக அங்கே வந்திருக்கும் என் மனைவி ஞானபாயும் சுகமென்றே நம்புகிறேன்.

அவள் தங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன். கலியாணம் முடிந்து இரண்டு வருஷம் நிறைந்த நாளில், அவளைக் கடையில் உட்கார வைத்து ராச்சாப்பாடு வாங்கிக் கொடுக்க வேண்டுமென்று எனக்கே தோன்றியது. நம்ம சபையில் எந்த ஆம்பிளைக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது, சொல்லுங்க பார்ப்போம்! எங்கள் தெருமுனையில் அசன்கண்ணு சாயிபுவின் கடை. சின்னக் கடைதான், ஆனால் கைக்கு அடக்கமான விலையில் பொரோட்டாவும் ஆட்டுக்கறியும் கிடைக்கும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கென்று மூலையில் ஒரு மேசை போட்டு, பூப்போட்ட சேலையைக் கிழித்துத் திரை கட்டியிருக்கிறார். அவள் உள்ளே வரவே கூசினாள். வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் அடுப்படியில் உட்காருவாள், அதுதானே நம்ம முறை. நேருக்கு நேர் உட்கார்ந்தால் தொண்டையில் இறங்காது என்றாள். நான் விடுவேனா? "உக்காருட்டி, நான் இருக்கேம்லா" என்று உட்கார வைத்தேன்.

சாயிபு ஆளுக்கு மூன்றாக ஆறு பொரோட்டாவைக் கொண்டுவந்து வைத்து, "நடுவுல கறிய வச்சி சுருட்டித் தின்னுங்க சாரே, ஆறிச்சுன்னா ரப்பராட்டு இழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெபம் பண்ணாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பது தங்களுக்குத் தெரியும். கண்ணை மூடினேன். முதல் தடவையாக மனைவியோடு கடையில் சாப்பிடுகிறோம், ரெண்டு வரியில் முடித்தால் நன்றாயிருக்குமா? சபைக்காக ஜெபித்தேன். போதகரின் முழங்கால் வலிக்காக, பெருஞ்சாணி அணை நிறைவதற்காக, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மனம் மாறுவதற்காக, நம்ம தாலுகா தமிழ்நாட்டோடு சேருவதா திருவிதாங்கூரிலேயே கிடப்பதா என்பதற்காக, ஒன்றையும் விடவில்லை. நடுவில் சவக்சவக்கென்று ஒரு சத்தம் கேட்கத்தான் செய்தது. பூனை என்று நினைத்தேன். ஜெபத்தில் பாதியில் கண் திறக்கிற ஆள் நான் இல்லை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் இரண்டு பிளேட்டும் வழித்துத் துடைத்தாற்போல இருக்கிறது! எனக்கு வந்ததே கோபம். திரையை ஒதுக்கிக்கொண்டு, "என்னவே சாயிபு, வாத்தியான்னா எளக்காரமா? சாப்பிடுததுக்கு முந்தியே எடுத்துட்டுப் போயிட்டீரே" என்று ஒரு சத்தம் போட்டேன். கடையே எழுந்து பார்த்தது. சாயிபு பதறாமல், "சாரே, நான் அந்தப் பக்கமே வரல்ல. வீட்டம்மாகிட்ட கேளுங்க" என்றார். இவள் தலையைக் குனிந்துகொண்டு, "நாந்தான் தின்னேன். இப்ப ஆமென் சொல்லுவிய, இப்ப சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லல்ல. பசிச்சுது" என்றாள். சாயாக் குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். என் மானம் போச்சு மாமா! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தகப்பன்மார் அவர்கள்.

வருகிற வழியில் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "ஏட்டி, உனக்கு இருக்கது வயிறா, வாய்க்கா மடையா?" என்று. தமாஷாகச் சொன்னது. கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ. மறுநாள் விடியக்காலம் எனக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு போனால் ஊரில் எந்தப் பெண்ணும் புருஷன் வீட்டில் இருக்க முடியாது. குருவி கொத்துகிற மாதிரி தின்கிறவள் அன்றைக்கு மட்டும் ஏன் அப்படிச் செய்தாள் என்று நானும் யோசித்தேன். பொரோட்டாவின் ருசியே காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆகையால் தாங்கள் அவளுக்கு நாலு நல்ல புத்தி சொல்லி வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் அனுப்பிவைத்தால், நான் பழசை மனசில் வைக்காமல் மன்னித்து ஏற்றுக்கொள்வேன்.

மாமிக்கு என் ஸ்தோத்திரம் சொல்லவும். தங்கள் வீட்டு நெல்லும் தென்னையும் குறைவில்லாமல் விளைய இங்கிருந்து மன்றாடும்,
மருமகன்
மத்தியாஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வாய் சாப்பிடலாம் என்று போனேன். பத்து நாளும் சாயாவும் பன்னுமாக ஓடிவிட்டது, இன்றைக்குத்தான் அடுப்புப் பற்றவைத்தேன். காலையில் நான் ஞானபாய்க்கு அளந்து கொடுக்கிற அதே ஒரு நாழி அரிசிதான். இரண்டு பேருக்கு அது தாராளம் என்று நானேதான் கணக்குப் போட்டது. பொங்கி வடித்து, வழக்கமாகச் சாப்பிடுகிற மாதிரியே வயிறு நிறையச் சாப்பிட்டேன். அப்புறம் பானைக்குள் எட்டிப் பார்த்தேன் மாமா. அடியில் ஒரு கைப்பிடி பருக்கை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ரெண்டு வருஷமா இதையா தின்னுட்டு இருந்தா? ஒரு நாளும் வாய் திறந்து சொல்லல்லியே!

மேலே எழுதினதை ஞானபாயிடம் காட்ட வேண்டாம். அவளை அனுப்பவும் வேண்டாம். சனிக்கிழமை நானே வருகிறேன். வந்ததும் மருமகன் என்று எனக்கு இலை போட்டுவிடாதீர்கள். அவள் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருந்தால் எனக்குப் போடச் சொல்லுங்கள்.