நீலமும் வெள்ளையுமா ஒரு காலேஜ்

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பொண்ணு நந்தினியோட டிகிரி அட்மிஷன் ஆப்ஷனை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணணும்.

நான் லீவு போட்டேன். ஆத்துக்காரி லலிதாவுக்கு லீவு கிடைக்கலை. வினை அங்கதான் ஆரம்பிச்சுது.

"ஏன்னா, நன்னா கேட்டுக்கோங்கோ"ன்னா, செருப்பை மாட்டிண்டே. "கொழந்தை கெமிஸ்ட்ரிக்கு ஆசைப்படறா. நடந்தே போற காலேஜ் முதல் ஆப்ஷன். ரெண்டு பஸ் மாறிப் போற காலேஜ் ரெண்டாவது. முதல்ல இருக்கறதுல சீட் கிடைச்சா மத்தது தானா கேன்சலாயிடும். வரிசையைத் தொடாதீங்கோ!"

"இதெல்லாம் ஒரு காரியமா!"ன்னேன்.

ஒரு விஷயம் சொல்லிடறேன். அப்போ ஃபுட்பால் உலகக் கோப்பை நடந்துண்டிருந்தது. அது வந்தா எங்க திருவனந்தபுரம் ரெண்டு நாடாயிடும். பாதி ஆர்ஜென்டினா, பாதி பிரேசில். ரெண்டையும் மேப்புல காட்டச் சொன்னா முழிப்போம், அது வேற விஷயம்.

நான் எங்க ஸ்ரீவராகம் ஏரியா ஆர்ஜென்டினா ரசிகர்கள் வாட்ஸப் குரூப்புக்கு அட்மின். மொட்டை மாடில கொடி கட்டறதுக்காக துணி உலர்த்தற கம்பை உருவிண்டு போனவன். லலிதா அதை இன்னும் மறக்கலை.

"கன்ஃபர்ம் பண்ண கம்ப்யூட்டர் கடைக்குப் போற வழில முதல் காலேஜை ஒரு பார்வை பார்த்துட்டுப் போலாமே"ன்னேன் நந்தினிகிட்ட. சும்மா இருந்திருக்கலாம்.

கேட்டுக்கு முன்னாடி போய் நின்னா, மூணு மாடி உயரத்துக்கு பிரேசிலோட மஞ்ச ஜெர்சி கட்அவுட்! மரத்துக்கு மரம் மஞ்சளும் பச்சையுமா தோரணம். வாட்ச்மேன் தலைல கூட மஞ்சத் தொப்பி!

நேரா வாட்ச்மேன்கிட்ட போனேன்.

"சேட்டா, இங்க ஆர்ஜென்டினா பசங்களே கிடையாதா?"

"உண்டு சாரே. மூணு பேர்"னு சிரிச்சார். "லைப்ரரியில இருக்கும்."

"லைப்ரரியிலயா? எதுக்கு?"

"வெளிய வந்தா இந்த பிரேசில்காரன்மார் விடுவாங்களா?"

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் கொதிச்சுடுத்து. என் பொண்ணு படிப்பு முடியற வரைக்கும் ஒளிஞ்சுண்டு திரியணுமா?

"நந்தினி, இந்த காலேஜ்ல டிசிப்ளின் போறாது."

"ஒரு தொப்பியைப் பார்த்தா சொல்றே?"

"அட்மாஸ்ஃபியர்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

"நானும் ஆர்ஜென்டினாதான்பா. ஆனா எனக்கு நல்ல லேப் வேணும். இங்க லேப் பிரமாதமா இருக்காம்."

"மத்ததையும் பார்த்துட்டு பேசலாம், வா"ன்னு ஆட்டோல ஏத்தினேன்.

நடுவழில மழை பிடிச்சுண்டுது. ரெண்டாவது காலேஜ் திருப்பத்துல ஆட்டோ நின்னுது. தலையை வெளில நீட்டிப் பார்த்தேன்.

நீலம்! நடுவுல வெள்ளை! மறுபடி நீலம்! கட்டடத்தோட உச்சிலேருந்து ஜன்னல் வரைக்கும்!

"பார்த்தியாடீ! ஒரு காலேஜே நம்ம கொடியைப் போர்த்திண்டு நிக்கறது!" எனக்குக் கண்ல ஜலமே வந்துடுத்து.

"இறங்கி உள்ள போய்ப் பார்க்கலாம்பா."

"எதுக்கு வீணா நனையணும்? இதுக்கு மேல என்ன பார்க்கணும்?"

ஆட்டோக்காரர் கண்ணாடில என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிரேசில் ஆளு போலருக்குன்னு விட்டுட்டேன்.

பழவங்காடில ஒரு கம்ப்யூட்டர் கடை. ஒரே கூட்டம், எல்லாம் என்னை மாதிரி அட்மிஷன் கேஸ்தான். டைப் பண்றது பிந்து சேச்சி. அட்மிஷன் சைட்டுக்குள்ள நுழைய ஓடிபி வேணும், அது லலிதா போனுக்குத்தான் வரும். கூப்பிட்டேன், நம்பரைச் சொன்னா.

"வரிசையைத் தொடலையே?"

"சே சே!"ன்னு வெச்சுட்டு, "சேச்சி, ரெண்டாவதை முதல்ல போடுங்கோ"ன்னேன்.

"அப்பா, வேண்டாம்பா, ப்ளீஸ்!"

"அப்பா சொன்னா கேளு."

நந்தினி முகத்தைத் தூக்கி வெச்சுண்டு மூலை பெஞ்சுல போய் உக்காந்துட்டா. சேச்சி மாத்தினா. கன்ஃபர்ம் ஆச்சு. அப்பறம் ஸ்கிரீனை உத்துப் பார்த்தா.

"சாரே, இந்த காலேஜை இப்ப ஆரும் முதல்ல போடறதில்லையே."

"நீங்க பிரேசிலா?"

"ஞான் ஒண்ணுமில்லை. அங்க கெமிஸ்ட்ரி லேப் கூரை ஒழுகறதாக்கும். நீலத் தார்ப்பாயும் வெள்ளைத் தார்ப்பாயும் போட்டு மூடி வெச்சிருக்கு. ரோட்டுல நின்னாலே தெரியுமே. சார் பார்க்கலையா?"

பார்த்தேனே! கண்ல ஜலத்தோட பார்த்தேனே!

"அந்த ஒழுகற லேப்லயாப்பா நான் படிக்கணும்?"னா நந்தினி. குரல் உடைஞ்சு போச்சு. எனக்கு பகீர்னுது. கொடி, குரூப்பு எல்லாம் ஒரு நிமிஷத்துல மறந்து போச்சு.

"சேச்சி, மாத்த முடியுமா?"

"அஞ்சு மணி வரை மாத்தலாம். பக்ஷே மறுபடி ஓடிபி வேணும்."

மணி நாலே முக்கால். லலிதாவைக் கூப்பிட்டேன்.

"மறுபடி எதுக்கு ஓடிபி?"

சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன்.

"தார்ப்பாயா?"

"தார்ப்பாய்."

"போனை ஸ்பீக்கர்ல போடுங்கோ."

போட்டேன்.

"இப்போ 'பிரேசில் ஜிந்தாபாத்'னு சொல்லுங்கோ. அப்பறம் நம்பர் தரேன்."

"லலிதா! நான் அட்மினாக்கும்!"

"கொழந்தைக்கு அப்பாவுமாக்கும். மணி ஆறது."

நந்தினியைப் பார்த்தேன். கண்ணைத் துடைச்சுண்டு என்னையே பார்த்துண்டிருந்தா. மெதுவா சொன்னேன்.

"கேக்கலை"ன்னா லலிதா.

"பிரேசில் ஜிந்தாபாத்!"னு கத்தினேன்.

கடைல பாதி ஜனம் கைதட்டித்து. பாதி ஜனம் "அய்யோ சாரே!"ன்னு தலைல கை வெச்சுண்டுது. சேச்சி சிரிப்பை அடக்கிண்டே ஓடிபியைத் தட்டினா. வரிசை பழையபடி ஆச்சு. கன்ஃபர்ம்!

நந்தினி வந்து என் கையைப் பிடிச்சுண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் சிரிப்பு வந்துடுத்து. அப்பாடா, பொழைச்சேன்!

அப்படி நினைச்சுண்டு ஆத்துக்கு வந்தா, கடைல எவனோ வீடியோ எடுத்து அனுப்பியாச்சு. நான் ஆரம்பிச்ச குரூப்புலேருந்து என்னையே தூக்கிட்டா! மறுநாள் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கம்பு பழைய இடத்துக்கே போயிடுத்து. அதுல லலிதாவோட மஞ்சப் புடவை உலர்ந்துண்டிருந்தது.

போகட்டும், கெமிஸ்ட்ரி சீட் கிடைச்சுது. காலேஜ் திறந்த அன்னிக்கு மத்தியானம் மனசு கேக்காம நந்தினிக்கு போன் பண்ணேன்.

"எங்கடீ இருக்கே?"

"லைப்ரரிலப்பா"ன்னா ரகசியக் குரல்ல. "இப்போ நாங்க நாலு பேர்."