ராசாத்தியும் மாப்பிள்ளையின் இடது கன்னமும்

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது என்னை நல்லவன் என்று சொல்லிவிட்டால் போதும், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவேன். (இல்லாததையும் தருவதாகச் சொல்லிவைப்பேன்.) இந்தக் குணத்தால் என் தங்கச்சி வள்ளியின் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் பார்த்த வேலை போய், காரைக்குடி வீட்டுக்குத் திரும்பி, காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். அமராவதிபுதூர் போகிற வழியில் ஜெசிந்தா சிஸ்டர் என்று ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், ஒரு கொட்டகை போட்டுத் தெருப் பூனைகளைக் காப்பாற்றிவந்தார். அங்கே போய்க் கூண்டு கழுவ ஆரம்பித்தேன். சம்பளம் கிடையாது. ஆனால் வருகிறவர்கள் எல்லாம் "நல்ல பையன்" என்றார்கள். அந்த வருடம் என்னை அப்படிச் சொல்ல வேறு ஆள் இல்லை.

மழைக்காலத்தில் நான்கு குட்டிகளுக்குப் படர்தாமரை வந்தது. காதோரத்திலும் மூக்கின் மேலும் வட்டம் வட்டமாக முடி உதிர்ந்து தோல் செதில் விட்டது. மற்றப் பூனைகளுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் ஒட்டும் சங்கதி. தனியறை இல்லாமல் சிஸ்டர் தவித்தபோது, எங்கள் வீட்டுப் பின்கட்டு அறையைத் தருவதாக நான் முந்திக்கொண்டேன். (அம்மாவிடம் கேட்கவில்லை.)

வாரம் இரண்டு முறை ஒவ்வொன்றையும் கந்தகக் கரைசலில் நனைத்து எடுக்க வேண்டும். அழுகிய முட்டை வாடை. நான்கும் மஞ்சள் மஞ்சளாக என்னை முறைத்துக்கொண்டு நிற்கும். "சடங்கான பிள்ளைக மாதிரி நிக்கிதுக பாரு" என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்வார். தினம் மாத்திரை, தினம் தரைக்கு பிளீச்சிங் பவுடர். என் முழங்கைவரை கீறல். முடி முளைத்துவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை; புது டூத் பிரஷால் உடம்பெல்லாம் சீவி, அதை மதுரை லேபுக்கு அனுப்பி, அடுத்தடுத்து இரண்டு முறை 'கிருமி இல்லை' என்று வர வேண்டும். அதுவரை யாருக்கும் கொடுக்கக்கூடாது. இதைச் சிஸ்டர் எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

முதல் முடிவு நல்லபடியாக வந்தது. இரண்டாவதற்குக் காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, சிவகங்கையிலிருந்து வள்ளியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். யார் பின்கட்டுக் கதவைத் திறந்தார்களோ தெரியாது. மூவண்ணக் குட்டி ஒன்று கூடத்துக்கு வந்து, நேராக மாப்பிள்ளையின் அம்மா மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

"யாத்தே! எம்புட்டு அழகா இருக்கு! யாரு வளக்குறீக?"

நான் தலையைச் சொறிந்துகொண்டு, தெருவில் கிடந்ததை எடுத்து வைத்தியம் பார்த்த கதையைச் சொன்னேன். வியாதியின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

"வாயில்லா சீவனுக்கு இம்புட்டுப் பாக்குற ஆம்பளப்பிள்ளைய நான் கண்டதே இல்ல தம்பி. அண்ணனே இப்படின்னா தங்கச்சி எப்படி இருக்கும்! இத எனக்குத் தருவீகளா?"

மாப்பிள்ளை சரவணன் அதைத் தூக்கி இடது கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினார். வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கினேன்.

"எடுத்துக்கிட்டுப் போங்க அத்தை."

அவர்கள் அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து லேபிலிருந்து முடிவு வந்தது. மூன்று குட்டிகளுக்குக் கிருமி இல்லை. ராசாத்திக்கு இருந்தது.

உடனே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் நான்கு நாள். ஒருவேளை ஒட்டாமல் போகலாம் என்று நான்கு நாளும் கும்பிடாத சாமி இல்லை.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை கன்னத்தில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தார். கை எடுத்துக் கும்பிட்டபோது கைக்குட்டை நழுவியது. பழைய எட்டணா அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம். பின்னால் வந்த அத்தையின் கழுத்தில் ஒன்று. மாப்பிள்ளையின் அக்காவுக்கு மணிக்கட்டில் இரண்டு.

எங்கள் பக்கத்து வரிசைகளில் முணுமுணுப்பு கிளம்பியது. தாய்மாமா எழுந்தேவிட்டார்.

"குடும்பத்துக்கே தோல் வியாதி இருக்கு. மறைச்சுப் பொண்ணு கேட்டு வந்திருக்காக. தட்ட எடுங்கப்பா, நமக்கு இது வேணாம்!"

அத்தையின் முகம் செத்துவிட்டது. "சத்தியமாத் தெரியாதுண்ணே. ஒரு வாரமாத்தான் இருக்கு. வேர்க்குருன்னு நெனச்சோம்" என்று கையைக் கூப்பினார். வள்ளி பட்டுச்சேலையில் சிலையாக உட்கார்ந்திருந்தாள்.

நான் எழுந்தேன். மேளம் நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை. சரியாக அப்போது நின்றது.

"மாமா, அது அவுக வியாதி இல்ல. நம்ம வீட்டு வியாதி. என் பூனைக்கு இருந்துச்சு."

இருநூறு பேர் என்னைப் பார்த்தார்கள். அத்தை மெதுவாகக் கேட்டார்: "தெரிஞ்சுதான் குடுத்தீகளா தம்பி?"

தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கூப்பிய கையைக் கீழே இறக்கிவிட்டு, முந்தானையால் கழுத்தை மூடிக்கொண்டார்.

மாமா உட்கார்ந்தார். நிச்சயம் நடந்தது. போட்டோக்காரர் எல்லாப் படத்திலும் மாப்பிள்ளையை வலதுபக்கக் கன்னம் தெரியும்படியே நிறுத்தினார். களிம்பு தடவி ஒரு மாதத்தில் எல்லாருக்கும் குணமானது.

மறுநாளே ராசாத்தி திரும்பி வந்தது. அதன் கிண்ணம், படுக்கத் தைத்த மெத்தை எல்லாவற்றையும் கூடையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். அம்மா பின்கட்டைப் பூட்டிவிட்டதால் கொட்டகைக்குத்தான் கொண்டுபோனேன். சிஸ்டர் அதை வாங்கிக்கொண்டு, "நீ இனிமே வர வேணாம் தம்பி" என்றார். மூலையில் தனிக்கூண்டு. மறுபடி கந்தகம், மறுபடி மாத்திரை. மடியில் தூங்கிப் பழகிய குட்டி, கையுறை போட்ட கைகளை மட்டுமே பார்த்தது. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து ஐந்தாவது வாரம் இறந்துபோனது. சிஸ்டர் போனில் ஒரே வரியில் சொன்னார். மற்ற மூன்றுக்கும் நல்ல வீடு கிடைத்தது.

வள்ளி கல்யாணமாகிப் போகும்போதுகூட என்னோடு பேசவில்லை. அதற்கு மூன்று மாதம் கழித்து அவளாகவே போன் செய்து முதலில் கேட்டது: "அண்ணே, அந்தப் பூனை என்னாச்சு?"

அவள் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "புதுவயல்ல ஒரு ரைஸ் மில்லுல விட்டாச்சு. எலியா புடிச்சுத் தின்னு குண்டாயிருச்சு." அவள் சிரித்துவிட்டாள்.

இப்போது இது எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கதை. சொல்வது சரவணன் மாப்பிள்ளை. கைக்குட்டை நழுவுவதை நடித்தே காட்டுவார். ஆல்பத்தைப் புரட்டி, "எனக்கு ஒரு கன்னந்தான்" என்பார். கடைசியில், "அது இப்ப மில்லுல மேஸ்திரியாம்ல!" என்று முடிப்பார். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தை ஒவ்வொரு முறையும் கேட்பார்: "புதுவயல் போறப்ப என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி. ராசாத்திய ஒருக்கா பாத்துட்டு வாரேன்."

முதல் வருடம் மில்லில் மராமத்து வேலை என்றேன். அடுத்த வருடம் முதலாளி வீட்டில் துக்கம். போன தீபாவளிக்கு, ராசாத்தி குட்டி போட்டிருக்கிறது, இப்போது ஆள் போனால் இடம் மாற்றிவிடும் என்று சொல்லிவிட்டேன்.

அத்தைக்கு அத்தனை சந்தோஷம். எத்தனை குட்டி என்று கேட்டார்.

நான்கு என்றேன்.