மந்திரி அண்ணாச்சியின் கடைசிப் பத்தி

இந்திய அரசாங்கத்தின் கடனை நினைத்து உண்மையாகவே சோறு இறங்காமல் தவித்த மனிதர் இந்த நாட்டில் ஒரே ஒருவர்தான். அவர் டெல்லியில் இல்லை. சங்கரன்கோவிலில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிரே மடக்கு மேஜை போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் அங்கே இரண்டு வேலை ஆக வேண்டியிருக்கிறது.

ஊருக்கே அவர் மந்திரி அண்ணாச்சி. நிதி மந்திரி என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை. அவருடைய மேஜை என் ஜெராக்ஸ் கடைக் கூரையின் நிழலில் கிடந்தது. நான் கடை போட்ட புதிதில் இட வாடகை பற்றி மெதுவாகப் பேச்செடுத்தேன். "நெழலுக்கு அரசாங்கமே இன்னும் வரி போடலவே, நீரு போடுதீரா?" என்றார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுதிய மனுக்களுக்கு நகல் எடுத்துத்தான் என் கடையே ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனு என்றால் என்ன? அரசாங்கத்திடம் ஏதாவது கேட்பது. கேட்பதை எழுதித்தான் மனிதருக்குப் பிழைப்பு. ஆனால் அரசாங்கம் ஒரு ரூபாய் செலவழித்தாலும் அவருக்கு வயிறு எரியும். பேப்பரில் எப்போதோ, நாட்டின் கடனைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் போட்டிருந்ததைப் படித்துவிட்டார். அன்றைக்கே ஒரு சிலேட்டு வாங்கி அந்தத் தொகையை எழுதி மேஜையில் சாய்த்து வைத்தார். மேலே 'உங்கள் பங்கு' என்று தலைப்பு.

பனவடலிசத்திரத்திலிருந்து பம்புசெட்டுக்கு மின் இணைப்புக் கேட்டு மனு எழுத வந்த விவசாயி ஒருவர் அந்தச் சிலேட்டைப் பார்த்து மிரண்டுபோனார். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு, "நான் யாருட்டயும் கடன் வாங்கலய அண்ணாச்சி," என்றார்.

"நீரு வாங்கலவே. ஒமக்காக டெல்லியில வாங்கியிருக்காவ."

"எனக்காகவா? அப்ப அந்தத் துட்டு எங்க?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

விவசாயி சிலேட்டை இன்னொரு தடவை பார்த்தார். "சரி, அத வச்சே எனக்குக் கரண்டு குடுக்கச் சொல்லி எழுதிருங்க," என்றார். மந்திரி அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் எழுதினார். எழுதினால் அந்த மனு நிற்காது, ஓடும். அப்படி ஒரு கை அவருக்கு.

டீக்கடையில் அவருக்குப் பயந்து பேப்பரை மடித்து வைப்பவர்கள் உண்டு. ஒருநாள் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "நாடு கடன்ல கெடக்கு. எந்தச் செலவ வெட்டலாம், சொல்லுங்க," என்று கருத்துக் கேட்டார். எல்லாரும் செலவை வெட்ட வேண்டும் என்பதில் அசையாத ஒற்றுமை. பம்புசெட் விவசாயி, விசைத்தறிக்குக் கொடுக்கும் மின்சாரச் சலுகையை வெட்டலாம் என்றார். பக்கத்தில் நின்ற தறிக்காரர், பம்புசெட்டுக்குக் கொடுக்கும் இலவச மின்சாரத்தை வெட்டலாம் என்றார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு, அரசாங்க ஊழியர் சம்பளத்தை வெட்டலாம் என்றார்கள். எதிர் அலுவலகத்துக் கிளார்க் வடையைக் கீழே வைத்துவிட்டு, ரேஷனில் இலவசமாகக் கொடுக்கிற அத்தனையையும் வெட்ட வேண்டும் என்றார். டீக்கடைக்காரர் மட்டும் எதையும் வெட்டச் சொல்லவில்லை. எல்லாருடைய டீக்கும் யார் காசு தருவது என்று கேட்டார். மந்திரி அண்ணாச்சி என்னைப் பார்த்து, "எல்லாவனுக்கும் செலவு கொறையணும்டே. ஆனா அடுத்த வீட்டுச் செலவு," என்றார்.

அதனால்தான் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கேட்கிறவன் வெறுமனே கேட்கக் கூடாது. அந்தப் பணத்தை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்றும் சொல்ல வேண்டும். அவர் எழுதும் மனு எதுவானாலும் கடைசிப் பத்தி ஒன்று இருக்கும். 'மேற்படி செலவை ஈடுகட்ட, கீழ்க்கண்ட வீண் செலவைக் குறைக்கலாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' விதவை உதவித்தொகை கேட்கும் மனுவில், அதிகாரிகள் வரவேற்புக்கு வாங்கும் சால்வைகளைக் குறைக்கலாம் என்று இருக்கும். சிவகிரிப் பக்கம் வாய்க்கால் மராமத்துக்கு எழுதிய மனுவில், ஒரே காகிதத்துக்கு ஐந்து நகல் கேட்பதை நிறுத்தலாம் என்று எழுதினார். அது நேரடியாக என் வயிற்றில் அடிப்பது. "என்ன அண்ணாச்சி இப்படி எழுதுதிய?" என்று கேட்டேன். "நாட்டுக்காகப் பொறுத்துக்கிடும்," என்றார். அந்த மனுவையும் ஐந்து நகல் எடுத்துத்தான் கொடுத்தேன்.

எழுதுவதோடு விடவில்லை. தினம் காலையும் மத்தியானமும் எதிர் அலுவலகத்துக்குள் ஒரு நடை போவார். பகலில் எரியும் டியூப் லைட்டை அணைப்பார். ஆளில்லாத நாற்காலிக்கு மேல் சுற்றும் ஃபேனை அணைப்பார். ஒருதடவை கிளார்க் தலைக்கு மேலேயே அணைத்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஆளு இருக்கேன்லா?"

"இருக்கீரு. தூங்குதீரு. தூங்குத ஆளுக்கு வரிப்பணத்துல காத்தா?"

திட்டுவார்கள், விரட்டுவார்கள். மறுநாள் அவர் படியேறும் சத்தம் கேட்டதுமே அவர்களாக எழுந்து சுவிட்சைத் தட்டுவார்கள். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தது.

அந்தக் கடைசிப் பத்தியால் ஒருமுறை அவர் அடி வாங்காமல் தப்பியது பெரிய காரியம். அவர் குடியிருந்த தெருவின் உள்பக்கம் இருட்டாகக் கிடந்தது. தெருக்காரர்கள் கூடி, விளக்குக் கேட்டு மனு எழுதச் சொன்னார்கள். அழகாக எழுதினார். கடைசிப் பத்தியில், தெருமுனை விளக்கு பகலிலும் எரிந்து வீணாகிறது, அதைச் சரிசெய்து வரும் மிச்சத்தில் உள்ளே ஒரு விளக்குப் போடலாம் என்று சேர்த்தார். அந்த மனு எந்த மேஜைக்குப் போனதோ தெரியாது. பத்தே நாளில் ஆள் வந்தது, ஏணி வந்தது, முனையில் இருந்த விளக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பின்னாலேயே ஒரு கடிதமும் வந்தது. 'தங்கள் ஆலோசனை ஏற்கப்பட்டது. தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.'

தெருவே திரண்டு மேஜைக்கு முன்னால் நின்றது. "இருந்த வெளக்கையும் புடுங்கிக் குடுத்துட்டீரே வே," என்றார் ஒருவர். மந்திரி அண்ணாச்சி மேஜையை மடக்கினார். அன்று சாயங்காலமே தன் வீட்டு மீட்டரிலிருந்து வயர் இழுத்து, வாசலுக்கு வெளியே பெரிய பல்பு ஒன்றைத் தொங்கவிட்டார். எட்டு மாதம் கழித்து அரசாங்க விளக்கு வரும்வரை அது எரிந்தது. மதினி, அதாவது அவர் மனைவி, கரண்டு பில்லைப் பார்க்கும்போதெல்லாம் என் கடைக்கு வந்து முறையிடுவார். "ஊருக்குச் செலவு பண்ணாதன்னு நாட்டுக்கே சொல்லுதாரு. வீட்டுல மட்டும் பண்ணுதாரு தம்பி."

முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் மனு எழுதியவர் தனக்கென்று ஒரு மனுவும் எழுதியதில்லை. பிள்ளைகள் இல்லை. வயது அறுபத்தைந்தைத் தாண்டியது. சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கி, எழுத்து கோணலாகத் தொடங்கியது. டாக்டர் இனி எழுத்து வேலை கூடாது என்று சொல்லிவிட்டார். முதியோர் உதவித்தொகைக்கு அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. அது வந்தால்தான் அடுத்த மாதம் அடுப்பு எரியும் என்ற நிலைமை. "நாட்டுக் கடன்ல என்னால ஒரு ரூவா ஏறப்படாது," என்று அப்போதும் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் மதினியே கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கடை ஸ்டூலில் உட்காரவைத்தார்.

"அடிடே," என்றார் என்னிடம். அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் அடித்தேன். பெயர், வயது, முகவரி, கோரிக்கை எல்லாம் தடையில்லாமல் வந்தது. கடைசிப் பத்தியில் நின்றுவிட்டார். "நாளைக்கு வாரேன்," என்று எழுந்து போனார்.

மறுநாள் வந்தார். "பம்புசெட்டுக் கரண்டக் கொறைக்கலாம்னு போடு." நான் அடித்தேன். "வேண்டாம், அழி. பனவடலிசத்திரத்து ஆளுக்கு நாந்தான எழுதிக் குடுத்தேன்." அதற்கும் மறுநாள் தறிச் சலுகை என்றார். அதையும் அழிக்கச் சொன்னார். தறிக்காரர் மகள் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தாள். விதவைப் பணம், வாய்க்கால், சத்துணவு என்று எதை எடுத்தாலும் அவரே எழுதிக் கொடுத்த மனு ஒன்று அதில் இருந்தது. நாலாம் நாள் முகம் தெளிந்து வந்தார். "எங்க கார்டுக்கு ரேஷன்ல குடுக்குத சீனிய நிப்பாட்டிரலாம்னு போடு. எனக்குத்தான் சக்கர வியாதியாச்சே."

கூடவே வந்திருந்த மதினி இடுப்பில் கை வைத்தார். "ஒங்களுக்குத்தான வியாதி. எனக்கு இல்லல்லா. நான் காப்பிய எதப் போட்டுக் குடிக்க?"

மந்திரி அண்ணாச்சி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "கடைசிப் பத்தி இல்லாமலே எடு," என்றார். காகிதத்தை எங்கே பிடிப்பது என்று கை தடவ, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் வெள்ளை இடம் விட்டுத்தான் எடுத்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு அந்த இடத்தில் நானே நாலு வரி அடித்து எடுத்தேன். 'விண்ணப்பதாரர் பல ஆண்டுகளாக இந்த அலுவலகத்தில் பகலில் எரிந்த விளக்குகளையும் ஆளில்லாமல் சுற்றிய விசிறிகளையும் தினமும் அணைத்து வந்திருக்கிறார். அந்த மிச்சத்திலிருந்து இவருக்குக் கொடுக்கலாம் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' அலுவலகத்தில் கொண்டுபோய் நானே கொடுத்தேன். தூங்கிக்கொண்டே காற்று வாங்கிய அதே கிளார்க்தான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு எழுந்து, தானே அந்தக் காகிதத்தை உள்ளே எடுத்துப் போனார்.

உத்தரவு வந்தது. யாரோ அவருக்கு மனுவின் நகலைப் படித்தும் காட்டிவிட்டார்கள். மதினி தோளைப் பிடித்துக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தார்.

"ஏலே, எத்தன லைட்டு அணச்சேன், எவ்வளவு மிச்சம், கணக்கு எங்க?"

"கணக்கு இல்ல அண்ணாச்சி."

"கணக்கு இல்லாம அரசாங்கத்துக்கு எழுதலாமாவே?"

கால்மணி நேரம் திட்டினார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீனி போடாமல் ஒரு காப்பி சொல்லச் சொன்னார். குடித்து முடிக்கும்வரை என் கையை விடவில்லை.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கூரை நிழலில் இப்போது ஒரு பைக் நிற்கிறது. போன வாரம் ஒரு சான்றிதழுக்காக எதிர் அலுவலகத்துக்குப் போனேன். பகல் பதினோரு மணிக்கு டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அணைத்தேன். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். என் வேலை அன்றைக்கும் ஆகவில்லை. படியிறங்கி வரும்போது மந்திரி அண்ணாச்சியை மனசு ரொம்பத் தேடியது.