நல்ல பக்கம் முதலில்

"ஐயோ, அம்மா!" என்று அப்பா அலறினார்.

"நான் இன்னும் கையைத் தொடவே இல்லப்பா."

"அப்படியா? சரி, தொடு. மறுபடி அலறுறேன்."

மறுநாள் செய்முறைத் தேர்வு. பகலெல்லாம் துணிக்கடையில் நின்றுவிட்டு, மாலையில் பிசியோதெரபி வகுப்புக்குப் போகும் மகளுக்கு இது இரண்டாவது முயற்சி. முதல் முறை அம்மாவுக்குக் காய்ச்சல் முற்றியபோது, யாரிடமும் கேட்காமல் வகுப்பை நிறுத்திவிட்டாள். இதுவும் போனால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

வலது தோளில் அடிபட்டவராக நடிக்க வீட்டிலிருந்து ஒருவரை அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு நாலு பேரைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மிச்சம் இருந்தவர் பெயின்டர் அப்பாதான்.

"நல்ல பக்கத்தை முதல்ல சோதிக்கணும்ப்பா. அதோட ஒப்பிட்டுத்தான் அடிபட்ட பக்கத்தைப் பார்க்கணும். இடது கையைக் குடுங்க."

"நல்லா இருக்கிற கையில என்னத்தப் பார்க்கப்போற டாக்டரம்மா? வலதைப் பிடி, நேரமாகுது."

அதுவும் சரியென்று பட்டது. வலதைப் பிடித்தாள்.

"பக்கவாட்டுல தூக்குவேன். தோள் உயரத்துக்கு வரும்போது வலிக்கணும். தலைக்கு மேல போனா வலி நிக்கணும்."

கை தலைக்கு மேல் போனபிறகு அப்பா அலறினார். அடுத்த முறை தொடையருகே இருக்கும்போதே அலறினார். டம்ளர் தண்ணீரைக் கீழே கொட்டுவதுபோல் கட்டைவிரலைத் தரைப்பக்கம் திருப்பி நீட்டச் சொன்னால், காலிக் கையைப் பார்த்து, "தண்ணி எங்க?" என்று கேட்டார்.

"கொஞ்சம் அடக்கி நடிங்கப்பா."

அடக்கி நடித்தார். வலியில் துடிப்பவர் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "நான் இருமினா வலின்னு அர்த்தம். இருமாட்டி வலி இல்ல. சரியா?"

"இது சுலபம். இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

காலையில் அம்மா அப்பாவுக்குச் சட்டை மாட்டிப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, மாப்பிள்ளை அலங்காரமா?"

"முதல் தடவை மேடை ஏறுறாரு. இருக்கட்டும்" என்றாள் அம்மா.

தேர்வறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தேர்வாளர். தேர்வாளருக்குச் சளி.

அவர் முதல் முறை இருமியதும் கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா "ஐயோ!" என்றார். தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு இருமல் வந்தது. "அம்மா!" என்றார் அப்பா.

"இவருக்கு என்ன ஆச்சு?"

"வலி சார். விட்டு விட்டு வரும்" என்றாள் அவள். காது சுட்டது.

"சரி, தொடங்குங்க. நல்ல பக்கம் முதல்ல."

"அது நல்லாத்தாங்க இருக்கு" என்றார் அப்பா அவசரமாக.

"அதை அவங்க சொல்லணும்."

அப்பாவின் இடது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கினாள். "மெதுவா இறக்குங்கப்பா" என்று சொல்லிப் பிடியை விட்டாள்.

கை இறங்கவில்லை, விழுந்தது. தொடையில் மோதிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அத்தனை நேரம் சும்மா சும்மா அலறியவர் இப்போது வாயே திறக்கவில்லை. உதட்டில் அந்தப் புன்னகை மட்டும் இருந்தது.

மனப்பாடம் செய்தது அவளை அறியாமல் வாயில் வந்தது. "இடது தோள் சீராக இருக்கிறது, சார்."

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நடிக்க வந்தவர் பக்கத்தை மாத்தி நடிச்சிட்டாரு, அது போகட்டும். கண்ணு முன்னாடி கை விழுந்துச்சே, அப்புறமும் சீரா இருக்குன்னா எப்படிம்மா? நீங்க பார்த்ததைச் சொல்லல. மனப்பாடம் பண்ணினதைச் சொன்னீங்க."

அதற்குமேல் அவர் வலது பக்கத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை.

பேருந்தில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "கை மாறிப்போச்சும்மா" என்றார் அப்பா. சற்றுக் கழித்து மறுபடி அதையே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தாள். "வலது, வலதுன்னு எத்தனை தடவைம்மா சொல்லிக்குடுத்தேன்! இவரு இடதைத் தொங்கவிட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. என் படிப்பே போச்சு. நடிக்கத் தெரியலன்னா முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அப்பா முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அம்மா அவர் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள். வலது கையை முதலில் விடுவித்தாள். பிறகு இடது கையிலிருந்து, தூங்கும் குழந்தையின் சட்டையை உருவுவதுபோல், மெல்ல மெல்ல இழுத்தாள்.

"இவருக்கா நடிக்கத் தெரியாது?" என்றாள் அம்மா. "ஏணியில இருந்து விழுந்த நாள்ல இருந்து, தெரிஞ்சா நீ மறுபடி வகுப்பை நிறுத்திடுவியோன்னு, உன் முன்னாடி வலிக்காத மாதிரிதானே நடிச்சுக்கிட்டு இருக்காரு!"