அப்பாவின் கம்ப்யூட்டர் மீன்கள்

"உங்க அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் ஒத்துக்காது." அப்பா சசி போட்ட சட்டம் இது. சட்டம் என்றால் எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு துடிக்கும். போதாக்குறைக்குப் பல்கலைக்கழக விடுமுறை.

எங்கள் ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்தில் மழை. மழையென்றால் ரப்பர் பால் வெட்டு கிடையாது. பால் வெட்டு இல்லையென்றால் அப்பா விடிந்ததிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால், கிரிக்கெட். மேட்ச் இல்லாத நேரம் திரை முழுக்க மீன்கள் நீந்தும். எதைத் திறந்தாலும் சுழன்றுகொண்டே விரியும். அம்மா ஜீவராணிக்கு ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி வாந்தி. பிள்ளைக் காம்பரா என்ற காப்பகத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அம்மாதான். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்லைன் பாடத்தை முடிக்காவிட்டால் வேலை போய்விடும்.

"திரையில அசைவு கூடினா சில பேருக்கு மயக்கம் வரும்ப்பா. குறைச்சா என்ன?"

"மீன் நீந்தினாத்தான் மிஷினுக்கு உசிரு. நின்னா செத்துருச்சுன்னு அர்த்தம். கடைக்காரனே சொன்னான்."

"எந்தக் கடைக்காரன்? என்ன ஆதாரம்? இது அம்மாவோட உரிமை..."

முக்கால் மணிநேரம் வாதாடினேன். அப்பாவின் பதில் ஒரே ஒரு கொட்டாவி.

அம்மா வாதாடவே இல்லை. அப்பா குளிக்கப் போனதும், "அதை எப்படிடி நிப்பாட்டுறது?" என்றாள். மீன்களை எடுத்தோம். செட்டிங்ஸில் அசைவையெல்லாம் அணைத்தோம். வெறும் நீலத் திரை. அம்மா பத்து நிமிடம் பார்த்தாள். தலை சுற்றவில்லை.

துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த அப்பா அலறினார்.

"ஐயோ! மீனெல்லாம் எங்க?"

"நின்னுருச்சுங்க. நின்னா என்ன அர்த்தம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் காலை மிதித்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா எட்டிப் பார்த்தார்.

"செத்த சாமானா அண்ணே? எங்க வீட்டு ஒடஞ்ச ரேடியோகூட பிள்ளைக் காம்பராவுக்குத்தான் குடுத்தோம், புள்ளைங்க வெளையாட."

ஊர் பார்க்கக் கஞ்சனாக முடியுமா? அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "கொண்டு போங்க! புள்ளைங்க தட்டி வெளையாடட்டும்."

வெள்ளிக்கிழமை அம்மா பாஸ். சனிக்கிழமை மழை. குடையோடு பிள்ளைக் காம்பரா வாசலில் நின்ற அப்பா, உள்ளே அந்தச் செத்த மிஷினில் அம்மா டைப் அடிப்பதைப் பார்த்தார்.

"ஜீவா... மேட்ச் தொடங்கிருச்சு. நானும் கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காரட்டுமா?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இங்க அஞ்சு வயசுக்குக் கீழதாங்க சேர்ப்போம்."