பெருச்சாளி போட்ட ‘எங்களைப் பற்றி’

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, சுடலையாண்டி என்றொரு பெருச்சாளி இருந்தான். கேட்டவர்களுக்கு வளை தோண்டிக் கொடுப்பது அவன் தொழில். வேலை படு சுத்தம், ஆர்டர்தான் வரக் காணோம். மழைக்கு முன்னால் ஒரு ஆர்டராவது பிடிக்காவிட்டால், மாமியார் வளைக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போக வேண்டும். அந்த அம்மா வாயைத் திறந்தால் மூடாது. பாவம், பயல் நடுங்கிப்போனான்.

“வெப்சைட் போடுங்க. அதுல ‘எங்களைப் பற்றி’னு ஒரு பக்கம் வைங்க, சனம் நம்பி வரும்” என்றாள் பெண்டாட்டி பேச்சியம்மாள்.

சுடலையாண்டி எழுதியது இரண்டே வரி. ‘வளை தோண்டித் தரப்படும். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.’ அருமையான பக்கம். அதோடு விட்டிருக்கலாம். சொந்தக்காரர்கள் விடுவார்களா!

“என் பேரு எங்கடா?” என்று தாய்மாமன் வந்து நின்றார். போட்டான். “அவனுக்குக் கீழயா நான்?” என்று பெரியப்பா முறுக்கிக்கொண்டார். மேலே போட்டான். பிறகு அத்தைமார், சம்பந்திமார், ‘தங்கள் வரவை விரும்பும்’ பேரன் பேத்திகள் என்று மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த இரண்டு வரி இடத்தை அடைக்கிறது என்று பேச்சியம்மாளே அதைத் தூக்கிவிட்டாள்.

மறுநாள் காலை பார்த்தால், காடே பட்டுடுத்தி வாசலில் நிற்கிறது!

“பொண்ணு மாப்பிள்ளை எங்க?” என்றாள் முயலம்மா.

“நான்தாங்க மாப்பிள்ளை. ஆனா கல்யாணம் ஆகி ஆறு வருஷம் ஆச்சு.”

“நெட்ல போட்ட கல்யாணப் பத்திரிகையில தேதி போடலியே, அதான் இன்னிக்கே வந்துட்டோம்” என்றது குரங்கு. “பந்தி எப்போ?”

அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வந்தவர்களை நனையவிட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் மானமும் போகும். சுடலையாண்டி அழுதுகொண்டே மேட்டைக் குடைந்தான். அரைமணி நேரத்தில் பெரிய கூடம் தயார். எல்லாரும் உள்ளே போனார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

முயலம்மா அண்ணாந்து பார்த்தாள். “மண்டபம் ஜோரா இருக்கே! தை மாசம் என் மகளுக்குக் கல்யாணம், எழுதிக்கோங்க.” நரியும் கீரியும் வரிசையில் நின்று புக் செய்தார்கள்.

கிளம்பும்போது முயலம்மா மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, வளை தோண்ட நல்ல ஆள் யாராவது இருக்காங்களா? எங்க வீடு ஒழுகுது. நெட்ல தேடாத இடமில்ல, ஒருத்தர்கூட அகப்படல.”

மண்டப உரிமையாளர் சுடலையாண்டி மீசையைத் தடவிக்கொண்டார். “அந்த மாதிரி ஆளுங்களோட எனக்குப் பழக்கம் இல்லீங்க.”

நீதி: ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் பெயரும் விட்டுப்போகக் கூடாது, உங்கள் தொழில் என்ன என்பதை வந்தவர்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.